கூழைக்கடா மேல் விழுந்த முத்திரை

என் கணவர் ஸ்தெர்யோஸ் ஆல்பத்தைத் திறப்பதற்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். பிறகு ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். விரலிடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கல்யாணமான கொஞ்ச நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொண்டு வந்து உட்காருகிற மனிதர்தான் இவர். எங்கள் மகள் பிறந்த அன்று பஸ்ஸை நிறுத்திவிட்டு நேராக வந்து, ஸ்டியரிங் பிடித்த கையோடு அவளைத் தூக்கினார். நர்ஸ் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. தபால்தலைக்கு இருந்த மரியாதை எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை என்று அன்றைக்கே எனக்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு மிளகாய் சுடும் கூடத்தில் தோல் உரிக்கப் போனேன். உரிக்கிறவளுக்குக் கையில்தான் வேலை, கண்ணுக்கு வேலையில்லை. அங்கேதான் ஆட்களைக் கவனிக்கப் பழகினேன்.

அவர் எங்கள் ஃப்ளோரினாவிலிருந்து மலையைத் தாண்டி ப்ரெஸ்பா ஏரிக்குப் போகும் பஸ்ஸை ஓட்டியவர். அந்த நாளில் தபால் மூட்டையும் பஸ்ஸில்தான் போகும். ஏரிக்கரையில் கலாமோனா என்ற ஊரில் பஸ் கடைசியாக நிற்கும். மூட்டையைத் தபால் நிலையத்தில் இறக்கிவிட்டு, திரும்பும் நேரம் வரை அங்கேயே காபி குடிப்பார். ஒருநாள் அங்கே வந்த ஒரு உறையில், தீவில் இடிந்து நிற்கும் அகிலியோஸ் தேவாலயத்தின் படம் போட்ட தபால்தலை இருந்திருக்கிறது. “நான் தினமும் பாக்குற கல்லு! அது தபால்தலைல இருக்கு, தோம்னா!” என்று வீட்டுக்கு வந்து கத்தினார். ஏதோ தன் சொந்த அப்பாவின் படத்தை அச்சடித்துவிட்ட மாதிரி. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

கண்டதையும் சேர்க்க மாட்டார். வேறு நாட்டுத் தலைகள் கூடாது. நம் நாட்டுத் தலைகளிலும் ராஜா, மந்திரி, ஓட்டப்பந்தயக்காரன் எல்லாம் வேண்டாம். முன்னோர்கள் கட்டிவைத்தது, இல்லையென்றால் தானாக முளைத்தது, பறப்பது, நடப்பது. கல் பாலங்கள், மடங்கள், பாறை மேல் பூக்கிற பூ, கரடி, கழுகு. அதிலும் தலையை மட்டும் வைத்துக்கொள்வதில் அவருக்குத் திருப்தி இல்லை. முதலில் அதே பொருளின் படம் அச்சடித்த அட்டை ஒன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும். படத்துப் பக்கத்திலேயே ஒரு மூலையில் அந்தத் தலையை ஒட்ட வேண்டும். பிறகு அந்தப் பொருள் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கே போய், தலை வெளியான முதல் நாளன்றே முத்திரை வாங்க வேண்டும். படம், தலை, முத்திரை மூன்றும் ஒன்றையே சொல்ல வேண்டும். முத்திரை கால்வாசி தலை மேலும் முக்கால்வாசி அட்டை மேலும் விழ வேண்டும். ஊர்ப் பெயர் படிக்கும்படி இருக்க வேண்டும். மை வழியக் கூடாது, வெளிறவும் கூடாது. எல்லாம் சரியாக அமைந்தால் அந்த வாரம் முழுக்க வீட்டில் நல்ல வார்த்தை கேட்கலாம்.

ஆகவே எல்லாமே முத்திரை குத்துகிற கையில் இருக்கிறது. அந்தக் கைதான் எனக்குச் சனியாக வந்து வாய்த்தது.

கலாமோனாவில் முதலில் ஒரு கிழவர் இருந்தார். அவர் முத்திரை குத்தினால் மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரி இருக்கும் என்பார் இவர். கிழவர் ஓய்வு பெற்றதும் அந்தூலா என்று ஒருத்தி வந்தாள். முதல் தடவை அவளிடம் அட்டை கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அடுப்படியில் நின்றிருந்தேன். அவர் மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“இதப் பாரு. ஒரு புள்ளி மை அதிகமில்ல. அவ என்ன பண்றா தெரியுமா? மொதல்ல வேஸ்ட் பேப்பர்ல ஒண்ணு போட்டுப் பாக்குறா. அப்புறம் மூச்சப் பிடிச்சுக்குறா. வெச்சு, மணிக்கட்ட இப்படி லேசா உருட்டி, எடுத்துடுறா. சத்தமே இல்ல.”

“நல்லது” என்றேன்.

“சத்தமே இல்ல தோம்னா!”

“காதுல விழுந்துச்சு. கோட்டக் கழட்டு.”

மணிக்கட்டை உருட்டிக் காட்டினாரே, அந்த அசைவு அவருடையதாக இல்லை. ஒரு பெண்ணின் அசைவை அச்சாக மனசில் வாங்கிக்கொண்டு வந்து என் அடுப்படியில் செய்து காட்டினார். நான் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டேயிருந்தேன்.

அந்த இலையுதிர் காலத்தில் என் மிளகாய்ப் பாட்டில்கள் மலையேற ஆரம்பித்தன. எங்கள் ஊர்ச் சிவப்பு மிளகாயில் காரம் கிடையாது. தணலில் சுட்டு, தோலுரித்து, பூண்டும் எண்ணெயும் போட்டுப் பாட்டிலில் அடைத்துவைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். உரித்து உரித்து என் விரல் நகமெல்லாம் செம்மண் நிறமாகிவிடும். “ஒரு பாட்டில் எடுத்துக்குறேன், அந்தூலாவுக்கு” என்பார். அடுத்த மாதம், “ரெண்டா எடுத்துக்குறேன், அவங்கம்மா கூட இருக்காங்க.” பதிலுக்கு அவள் தோட்டத்து வெள்ளை மொச்சை ஒரு பை வரும். ப்ரெஸ்பா மொச்சை நல்ல மொச்சைதான், உலகமே சொல்கிறது. ஆனால் அவள் கொடுத்த மொச்சை வெண்ணெய் மாதிரி வெந்தது. தோல்கூடப் பிரியவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

“எப்படியிருக்கா பாக்க?” என்று ஒருநாள் மொச்சையைப் பரிமாறிக்கொண்டே கேட்டேன். எத்தனையோ நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்த கேள்வி.

“யாரு?”

“தபால்காரி.”

யோசித்தார். “சாம்பல் கலர்ல ஒரு ஸ்வெட்டர் போட்டிருப்பா” என்றார்.

முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முகத்தைச் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

இப்படியே வருஷங்கள் போயின. அவர் ஓய்வு பெற்றார். ஓட்டிய பஸ்ஸிலேயே பயணியாக முதல் சீட்டில் உட்கார்ந்து போனார். புதுத் தலை வந்தாலும் போவார், வராவிட்டாலும் மை எப்படியிருக்கிறது பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார்.

அப்போதுதான் லாஸரோஸ் வந்து சேர்ந்தார்.

எங்கள் ஊரில் தபால்தலை சேர்க்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஆற்றங்கரைக் காபிக் கடையில் கூடுவார்கள். ஐந்தாறு பேர். ஓய்வு பெற்ற வாத்தியார் கிளியாந்திஸ்தான் தலைவர். பெண்கள் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் நான் போய் ஓரத்து மேசையில் பின்னல் வேலையோடு உட்காருவேன். லாஸரோஸ் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், சலவை மடிப்புக் கலையாத சட்டை. ஏதென்ஸ் வியாபாரிகளிடம் பார்சல் பார்சலாக வாங்குவார். என் கணவரை ‘பார்பா’, அதாவது பெரியவர், என்றுதான் கூப்பிடுவார். ஆனால் என் கணவர் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “காசு குடுத்து வாங்குனதெல்லாம் சேகரிப்பா? அது மளிகைக் கடை” என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாஸரோஸ் ஒரு அட்டையை மேசையில் வைத்தார். ப்ரெஸ்பா மேட்டில் நிற்கும் பழைய சீமைத் தேவதாரு மரம். முத்திரை கலாமோனா. கால்வாசி தலை மேல், முக்கால்வாசி அட்டை மேல், ஒரு புள்ளி மை அதிகமில்லை.

என் கணவரின் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன்.

“யாரு போட்டது?” என்றார்.

“யாரு போடுவாங்க பார்பா ஸ்தெர்யோ? அங்க இருக்கிறது ஒருத்திதான். கார எடுத்துக்கிட்டுப் போனேன். காபி போட்டுக் குடுத்தா. நல்ல பொண்ணு.”

“காபி குடுத்தாளா?”

“சர்க்கர எவ்ளோன்னு கேட்டுக் குடுத்தா.”

“தபாலாபீஸா, காபிக் கடையா அது?”

கிளியாந்திஸ் வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். “ஏன்டா ஸ்தெர்யோ, நீ மட்டும் அங்க வருஷக்கணக்கா என்ன குடிச்ச, ஏரித் தண்ணியா?”

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆற்றுப் பாலத்தின் கைப்பிடியைத் தட்டித் தட்டிப் பேசிக்கொண்டு வந்தார்.

“அவனுக்கும் அதே மாதிரி போட்டிருக்கா! அதே மணிக்கட்டு உருட்டல்! அவன் யாரு? நேத்து வந்தவன்! கார்ல போயி எறங்குறான்!”

“அது அவ வேலைதானே” என்றேன். “வர்றவங்களுக்கெல்லாம் போடணும்.”

“போடட்டும். அதே மாதிரி ஏன் போடணும்?”

நான் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக முத்திரையைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நானும் கொஞ்சம் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். லாஸரோஸிடம் ஏதென்ஸிலிருந்து வாங்கிய அபூர்வமான தலைகள் எத்தனையோ இருந்தன. அவற்றைப் பார்த்து இவர் ஒருநாளும் வயிறெரிந்ததில்லை. ஒரு காபியைப் பார்த்து எரிந்தார். எனக்குப் பொறாமை தெரியும். அதன் நடையும் குரலும் தெரியும். என் வயிற்றிலேயே குடிவைத்து வளர்த்ததாயிற்றே. அவர் பேசியது அந்தப் பாஷைதான். எனக்காக ஒருநாளும் அவர் அதைப் பேசியதில்லை.

அடுத்த வசந்த காலத்தில் ஏரிப் பறவைகள் தபால்தலையாக வரப்போகின்றன என்ற செய்தி வந்தது. வரிசையில் ஒன்று கூழைக்கடா. ப்ரெஸ்பாவில் கூடு கட்டுகிற, சுருட்டை முடித் தலைக் கூழைக்கடா. அவரைப் பிடிக்கவே முடியவில்லை. கூழைக்கடா படம் போட்ட நல்ல அட்டை எங்கும் கிடைக்காமல் அலைந்தார். கடைசியில் ஏரிக்கரை மீனவன் ஒருவன் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த பழைய அட்டை ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஓரத்தில் ஆணித் துளை இருந்தது. ஆனாலும் படம் பிரமாதம். பறவை சிறகை விரித்துத் தண்ணீரில் இறங்குகிறது, பின்னால் தீவு. ஒரே ஒரு அட்டை. அதற்கு இரண்டாவது கிடையாது.

தலை வெளியாகும் நாளுக்கு முந்தின நாள், சட்டையை இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார்.

“நானும் வர்றேன்” என்றேன்.

“எங்க?”

“கலாமோனாவுக்கு.”

“மலைப் பாதைல உனக்கு வாந்தி வருமே.”

“வந்தா வரட்டும்.”

“அங்க என்ன இருக்கு பாக்க?”

“கூழைக்கடா” என்றேன்.

இஸ்திரிப் பெட்டியைக் காலரில் அழுத்தி வைத்தேன். 

கணவாயில் இன்னும் பனி கிடந்தது. டிரைவர் டாஸோஸ் என் கணவரிடம் வேலை பழகியவன். அவரைக் கிர் என்றும் என்னைக் கிரியா என்றும், ஐயா அம்மா என்கிற மரியாதையோடு கூப்பிடுவான். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “கிரியா தோம்னா, பாஸ்போர்ட் கொண்டாந்தீங்களா? மலைய நீங்க தாண்டி நான் பாத்ததேயில்ல” என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு வாந்தி வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் என் கணவரின் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மடியில் அட்டை வைத்த தகரப் பெட்டி. இறக்கத்தில் ஏரி தெரிந்ததும் அவர் தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டார்.

தபால் நிலையத்து வாசலில் லாஸரோஸின் கார் நின்றிருந்தது. அவர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

“வாங்க பார்பா ஸ்தெர்யோ! பஸ்ஸ மாடா இழுத்துட்டு வந்துச்சு? இந்தாங்க, பாருங்க, இன்னும் மை காயல.” அவர் கையில் இரண்டு அட்டைகள், இரண்டிலும் கூழைக்கடா. ஏதென்ஸில் சொல்லி வரவழைத்தவை. முத்திரை இரண்டிலும் தராசில் நிறுத்திப் போட்ட மாதிரி இருந்தது.

என் கணவர் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் பின்னால் போனேன்.

ஒரே அறை. கணப்பு எரிந்தது. கவுண்டருக்குப் பின்னால் சாம்பல் நிற ஸ்வெட்டர். அழகி இல்லை. என் வயசு இருக்காது, ஆனால் இளசும் இல்லை. முடியை ஒரு பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருந்தாள். அழகியாக இருந்திருந்தால், சரி, ஆம்பளை புத்தி என்று வைத்துக்கொண்டிருப்பேன்.

“வாங்க கிர் ஸ்தெர்யோ, உங்களுக்காகத் தலய எடுத்துத் தனியா வெச்சிருக்கேன்” என்று நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள்.

“என் வீட்டுக்காரி” என்றார் அவர். அதைச் சொல்லும்போது கவுண்டரைப் பார்த்தார், என்னையும் இல்லை, அவளையும் இல்லை.

“ஓ. கிரியா தோம்னாவா? ஒக்காருங்க, ஒக்காருங்க. உங்க மிளகாய் இருக்கே, எங்கம்மா வேற மிளகாயே தொடுறதில்ல.”

“உங்க மொச்சையும் நல்லா வேகுது” என்றேன்.

“தண்ணி மாத்தி வேக வைப்பீங்களா?”

“மாத்துவேன்.”

“நானும் மாத்துவேன்.”

 நான் நாற்காலியில் உட்காரவில்லை. கவுண்டர் ஓரமாக, அவள் கைக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் தலையைத் தண்ணீர்ப் பஞ்சில் தொட்டு, அட்டையின் மூலையில் ஒட்டி, அழுத்தி, அவள் பக்கம் தள்ளினார்.

அவள் வேஸ்ட் பேப்பரில் ஒன்று போட்டுப் பார்த்தாள். நன்றாக விழுந்தது. முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் ஒற்றினாள். அட்டையை ரப்பர் விரிப்பின் நடுவில் வைத்து நேராக்கினாள். மூச்சைப் பிடித்தாள். இவர் எனக்கு வருஷக்கணக்காகச் செய்து காட்டியதெல்லாம் என் கண்ணெதிரே அப்படியே நடந்தது. முத்திரையை இறக்குவதற்கு முன் ஒரு கணம் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தாள். நான் அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முத்திரை நழுவியது. ஒரு தடவை விழுந்து, துள்ளி, இன்னொரு தடவை விழுந்தது. இரண்டு வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று. ஊர்ப் பெயர் ஒன்றோடொன்று சிக்கிப் படிக்க முடியாமல் போயிற்று. கூழைக்கடாவின் கண்ணும் அலகும் மைக்குள் முழுகிவிட்டன.

“ஐயோ” என்றாள் அந்தூலா. கழுத்திலிருந்து காது வரை சிவந்தாள். “ஐயோ, கிர் ஸ்தெர்யோ. எனக்கு ஒருநாளும் இப்படி… இன்னொரு அட்ட இருக்கா? இன்னொண்ணு போட்டுத் தர்றேன்.”

இன்னொரு அட்டை கிடையாது என்று எனக்குத் தெரியும்.

அவர் என்ன செய்வார் என்று காத்திருந்தேன். இவர் முத்திரை ஒரு நூல் சாய்ந்ததற்காக எங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லிக் கூச்சல் போட்டவர். ஒருமுறை மை வழிந்ததற்காக இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தவர்.

“பரவால்ல” என்றார். “பரவால்ல, அந்தூலா. அழகாத்தான் இருக்கு.”

அவ்வளவு மெதுவான குரல் அவருக்கு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் லாஸரோஸுக்காக அதே கை இரண்டு தடவை இறங்கியது. இரண்டு தடவையும் நழுவவில்லை. யாரும் எனக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்று இருந்தது. கை தொட்டிருக்க மாட்டார்கள். வாய்விட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். தொட்டிருந்தாலாவது நான் சண்டை போட்டிருக்கலாம். கொண்டையில் பென்சில் செருகியவளோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

திரும்பும் பஸ்ஸில் அவர் தகரப் பெட்டியைத் திறக்கவில்லை. “ஏரில ஒரு கூழைக்கடாகூட இல்லியே இன்னிக்கு” என்றேன். “கரைல நிக்கும், உனக்குத் தெரியாது” என்றார். 

செப்டம்பரில் தபால்தலை வட்டத்துக்காரர்கள் நகரசபை மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடிச் சட்டம். என் கணவர் ப்ரெஸ்பாவை வைத்தார். தேவாலயம், தேவதாரு, குட்டை மாடு, ஏரிப் பூ, பாறையில் துறவிகள் குடைந்த குகைக் கோயில். நடுவில் நல்ல இடம் பார்த்து, மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, கெட்டுப்போன அந்தக் கூழைக்கடா அட்டையை வைத்தார்.

நான் காபித் தட்டோடு ஓரமாக நின்றிருந்தேன். கிளியாந்திஸ் வாத்தியார் சட்டத்துக்கு அருகே குனிந்தார்.

“இது என்னடா ஸ்தெர்யோ? பறவைக்குக் கண்ணு தெரியாமப் போச்சா?”

“முத்திர கொஞ்சம் நழுவிடுச்சு.”

“கொஞ்சமா? ரெண்டு மாடு முட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. எடுத்துடு. சலோனிகாவுலேர்ந்து நடுவர் வர்றாரு. மொத்தச் சட்டத்தையும் இது கெடுக்குது.”

லாஸரோஸ் பக்கத்தில் வந்தார். அவரைப் பற்றி நான் நல்லதாக எதையும் நினைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை. சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு உறையை எடுத்தார்.

“என்கிட்ட ரெண்டு இருக்கு, உங்களுக்கே தெரியும். ஒண்ண நீங்க வெச்சுக்கோங்க. உங்ககிட்ட ரெட்டிப்பா இருக்கே அந்தக் கல் பாலம், அதக் குடுங்க, போதும். சட்டம் முழுசாயிடும்.”

இது சேகரிக்கிறவர்களுக்குள் வழக்கம். உன்னிடம் கூடுதலாக இருப்பது எனக்கு, என்னிடம் கூடுதலாக இருப்பது உனக்கு. அதை மறுப்பவர் கிடையாது. வீட்டுக்கு வந்த விருந்தாளி நீட்டும் கையைத் தட்டிவிடுவது மாதிரி ஆகிவிடும்.

“வேணாம்” என்றார் என் கணவர்.

“ஏன் பார்பா? இதுக்கு என்ன கொறச்சல்?”

“வேணாம்னா வேணாம்.”

“ஸ்தெர்யோ,” என்றார் கிளியாந்திஸ், “பொறாமைக்கும் ஒரு அளவு இருக்குடா. மனுஷன் நல்ல மனசோட குடுக்குறான்.”

எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். லாஸரோஸ் மேல் வயிற்றெரிச்சல், அதனால் வீம்பு. மண்டபத்தில் அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவரும் நானும்.

நான் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். காபிக் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. அத்தனை ஆண்கள் நடுவில் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

“வாங்கிக்கோ ஸ்தெர்யோ” என்றேன்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

“நல்ல முத்திர இருக்கும்போது கெட்டத எதுக்கு நடுவுல வெக்கணும்? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?”

“கேட்டுக்கோ!” என்று கிளியாந்திஸ் சிரித்தார். “நம்ம வட்டத்துக்கு இவங்களத்தான் தலைவராப் போடணும்.”

என் கணவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காக நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்ட கேள்விகள், கலாமோனாவில் நான் நின்ற இடம், இப்போது சொன்ன இந்த வார்த்தை, எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததை நான் பார்த்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கெஞ்சுவார் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். இரண்டும் நடக்கவில்லை.

சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினார். லாஸரோஸின் அட்டையை வாங்கி நடுவில் வைத்தார், நான்கு மூலையும் சரிபார்த்தார், பலகையை மூடினார். கல் பாலத்து அட்டையை லாஸரோஸிடம் கொடுத்தார். “நன்றி” என்று ஒழுங்காகச் சொன்னார். நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றிய நேரம் அதுதான். 

பிறகு கெட்டுப்போன அட்டையைக் கையில் எடுத்தார். அட்டைகளை உறை இல்லாமல் ஒரு நிமிஷம்கூட மேசையில் விடாதவர் அவர். கசங்கும், வேர்வை படும் என்று எவர் சட்டைப் பையிலும் அட்டையைப் பார்த்தால் திட்டுபவர். அந்த அட்டையை உறை எதுவும் இல்லாமல், கோட்டின் உள்பக்கம், மார்புப் பைக்குள் செருகிக்கொண்டார்.

சட்டத்துக்கு நடுவர் நல்ல வார்த்தை சொன்னார். சாயங்காலம் எல்லாரும் சிப்புரோ என்கிற திராட்சைச் சாராயம் குடித்தார்கள். லாஸரோஸ் என் கணவரின் தோளில் கை போட்டுக்கொண்டார். அன்றையிலிருந்து அவர்கள் இரண்டு பேருக்கும் பகை இல்லை. ஒன்றாகவே பஸ்ஸிலும் காரிலும் போய் வந்தார்கள். என் கணவர் முத்திரையைப் பற்றி வீட்டில் பேசுவதை நிறுத்திவிட்டார். மொச்சை வருவதும் நின்றது. கேட்டதற்கு, “அவங்கம்மா போயிட்டாங்க, தோட்டம் போடல” என்றார்.

அந்த அட்டை ஆல்பத்தில் இல்லை. கோட்டிலும் இல்லை. நான் பார்த்தேன்.

இப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, கண்ணில் ஒன்று மங்கல். கலாமோனா தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். ஏரிக்கரைக்குக் கடிதம் ஃப்ளோரினாவிலிருந்து வண்டியில் போகிறது. அந்தூலாவை எங்கள் ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய தபால் நிலையத்தில், வாசலிலிருந்து மூன்றாவது கவுண்டரில் உட்காருகிறாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். புதுத் தலை வருகிற நாளில் என் கணவர் அங்கே போய் நிற்கிறார். நானும் கூடப் போகிறேன். அவள் எனக்கு வணக்கம் சொல்கிறாள், நான் அவளுக்குச் சொல்கிறேன். பாதையில் எங்காவது அவர் தலைமுடியை வாரிக்கொள்கிறாரா என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டுதான் நடக்கிறேன். சில நாள் வாரிக்கொள்கிறார்.